கடலூர் கடலின் ஆழத்தில் கேட்ட 'டிக்... டிக்...' - காணாமல்போன விமானத்தைக் காதால் தேடிய நீர்மூழ்கிக் கப்பல்!

சிதம்பரம் பக்கம் சுற்றுலா வந்தால் நடராஜர் கோயிலுக்கு அடுத்து எல்லோரும் போகும் இடம் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய், செல்ஃபி எடுத்து, கிள்ளையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்தக் காட்டுக்கு அப்பால் விரியும் கடலில், 2015-ம் ஆண்டு ஒரு மாதம் முழுக்க ஒரு பெரும் தேடல் நடந்தது. அதில் நம் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் இருந்தது. அது தண்ணீருக்கு அடியில் போனது சண்டைக்காக அல்ல, ஒரு சின்னச் சத்தத்தைக் கேட்பதற்காக!

அந்த ஜூன் இரவு

2015 ஜூன் 8. இந்தியக் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் ஒன்று, தமிழகக் கடலோரத்தையும் பாக் நீரிணையையும் கண்காணிக்கச் சென்னையிலிருந்து கிளம்பியது. உள்ளே மூன்று அதிகாரிகள். இரவு 9 மணியைத் தாண்டியதும் விமானத்துடன் தொடர்பு அறுந்தது. காரைக்கால் பகுதிக் கடலுக்கு மேலே பறந்தபோது ரேடாரில் கடைசியாகத் தெரிந்த அந்தப் புள்ளி, பிறகு தெரியவே இல்லை.

கடலோரக் காவல் படை, கடற்படைக் கப்பல்கள், விமானங்கள் எல்லாம் தேடலில் இறங்கின. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' ஆய்வுக் கப்பலும் சேர்ந்துகொண்டது. நாள்கள் ஓடின. மூன்று வீடுகளில் போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறியிருக்கும். 'இருக்கிறாரா, இல்லையா' என்பதே தெரியாமல் காத்திருப்பதைவிடக் கொடுமை வேறென்ன?

ஒரு மாதம்தான் கெடு!

இதுபோன்ற விமானங்களில் கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறிய ஒலிக்கருவியும் இருக்கும். தண்ணீரில் மூழ்கியதும் அது தானாக வேலை செய்யத் தொடங்கி, நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று துடிக்கும். அதன் அலைவரிசை 37.5 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், அருகிலேயே நீந்தினாலும் நமக்குக் கேட்காது. சோனார் எனும் கருவிதான் அதைப் பிடிக்க வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அந்தக் கருவியின் பேட்டரி சுமார் ஒரு மாதம்தான் தாங்கும். அதற்குள் பிடிக்காவிட்டால் கடல் மௌனமாகிவிடும். இரண்டாவது, அந்தச் சத்தம் சில கிலோமீட்டருக்கு மேல் போகாது. அது கிடந்த இடமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம்.

கடலூர் பகுதியில் கடலடித் தரை கரையை விட்டுச் சிறிது தூரம் போனதுமே சரசரவென்று சரிந்து ஆழமாகிவிடும். மேலே நிற்கும் கப்பலை வந்தடைவதற்குள்ளேயே அந்தச் சத்தம் பாதி பலத்தை இழந்திருக்கும்.

ஏன் நீர்மூழ்கி?

தொட்டிலில் குழந்தை சிணுங்குகிறதா என்று கேட்க நாம் என்ன செய்வோம்? டி.வி-யை அணைப்போம், மிக்ஸியை நிறுத்துவோம், அறைக்குள் போய்க் காது கொடுப்போம். நீர்மூழ்கி செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

மேலே ஓடும் கப்பலுக்கு எப்போதும் இன்ஜின் சத்தம், அலைச் சத்தம். தவிர, வெயில் காயும் மேல்மட்டத் தண்ணீர் சூடாகவும், அடியில் உள்ள தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள அடுக்கு, ஒலியை வளைத்துத் திசைதிருப்பிவிடும். கீழேயிருந்து வரும் ஒலி மேலே சரியாக எட்டாமல் போக இதுவும் ஒரு காரணம். நீர்மூழ்கியோ அந்த அடுக்குக்குக் கீழேயே இறங்கி நிற்க முடியும். டீசல் இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியின் மின்சாரத்தில் சத்தமில்லாமல் ஊர்ந்து போகவும் முடியும்.

மேற்பரப்பில் தேடிய கப்பலுக்கும் விட்டுவிட்டுச் சில ஒலிகள் கிடைத்தன. ஆனால், இடத்தைக் குறிக்க அது போதவில்லை. அப்போது களமிறக்கப்பட்டதுதான் விசாகப்பட்டினத்தில் இருந்து இயங்கிய ஐ.என்.எஸ். சிந்துத்வஜ். அதன் சோனாரில் அந்தத் துடிப்பு சிக்கியது. தேட வேண்டிய கடல் சுருங்கியது.

கேட்டது ஒருவர், எடுத்தது இன்னொருவர்

சிந்துத்வஜ் வகை நீர்மூழ்கிகள் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழம் வரைதான் போகலாம். அதற்கும் கீழே தண்ணீரின் அழுத்தம் இரும்பு உடலையே நசுக்கிவிடும். எனவே, அடுத்த வேலை ரிலையன்ஸ் நிறுவனம் அனுப்பிவைத்த 'ஒலிம்பிக் கேன்யன்' என்ற ஆழ்கடல் கப்பலுக்கு வந்தது. அதிலிருந்து கேபிளில் இறக்கப்பட்ட ரோபோ, 2015 ஜூலை 10 அன்று விமானத்தின் கறுப்புப் பெட்டியை மேலே கொண்டுவந்தது. விபத்து நடந்து 32 நாள்கள் கழித்து! இடம், கடலூருக்குத் தென்கிழக்கே கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

அதைத் தொடர்ந்து விமானத்தின் பாகங்களும் உடல் எச்சங்களும் மீட்கப்பட்டன. யாரும் விரும்பாத பதில்தான். ஆனாலும் பதில் கிடைத்தது.

அந்தப் பதிலின் மதிப்பு மறு ஆண்டே தெரிந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக்கடலில் மறைந்தது. அதில் நீருக்கடியில் துடிக்கும் அந்த ஒலிக்கருவி இல்லை. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடியும் பலனில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்ததாக அரசு அறிவித்தது. அவற்றைப் படம்பிடித்தது தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீரடி வாகனம்.

மூன்று ரயில் பெட்டிக்குள் 52 பேர்

சரி, சத்தத்தைக் கேட்கக் காத்திருந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

சிந்துத்வஜின் நீளம் சுமார் 72 மீட்டர். நம் எக்ஸ்பிரஸ் ரயிலின் மூன்று பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதற்குள்ளேயே இன்ஜின், பேட்டரிகள், டார்பிடோக்கள், சமையலறை, கழிப்பறை எல்லாம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் 52 பேர் வாழ வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒருவர் பணிக்கு எழுந்து போனதும், பணி முடித்து வருபவர் அதே படுக்கையில் சாய்வது நீர்மூழ்கிகளில் சாதாரணம். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே தூங்குபவர்களும் உண்டு.

சூரியனைப் பார்க்க முடியாது என்பதால் பகலும் இரவும் கடிகாரத்தில்தான். நல்ல தண்ணீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும், தினசரிக் குளியல் என்பது கனவு. கொண்டுபோன காய்கறிகள் முதல் சில நாள்களோடு தீர்ந்துவிடும், அப்புறம் டின் உணவுதான். கடுகு தாளித்தால் வரும் புகையைக்கூட வெளியேற்ற ஜன்னல் இல்லாத வீடு அது!

பேட்டரி தீர்ந்தால் மேல்மட்டத்துக்கு அருகே வந்து, ஒரு குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரியின் கண்ணில் படும் ஆபத்து அதிகமுள்ள நேரமும் அதுதான்.

சத்தம் கூடாத நேரங்களில், தேவையில்லாத இயந்திரங்கள் எல்லாம் நிறுத்தப்படும். பணியில் இல்லாதவர்கள் படுக்கையை விட்டு அசையக் கூடாது. ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட அது தண்ணீரில் வெகுதூரம் கேட்கும். சோனார் அறையில் இருப்பவர், மழைத்துளியின் சத்தம், இறால் கூட்டத்தின் படபடப்பு, மீன்பிடிப் படகின் இன்ஜின் என ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு போன் பேச முடியாது

'எங்கப்பா இருக்கே?' என்று அம்மா கேட்டால், பிள்ளையால் பதில் சொல்ல முடியாத வேலை இது. இருக்கும் இடம் ரகசியம், சிக்னலும் கிடையாது.

இவர்களுக்குச் செய்தி அனுப்பும் முக்கியமான நிலையம் இருப்பது நம் தமிழ்நாட்டில்தான்! திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம் அருகே 1990-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம், மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை அனுப்புகிறது. கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கக்கூடிய அலைகள் இவை. நீர்மூழ்கி மேலே வராமலேயே அவற்றைக் கேட்டுக்கொள்ளும். பதில் பேசாது. அங்கேயும் கேட்பது மட்டும்தான் வேலை.

ஆபத்தும் கூடவே வரும். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் நின்றிருந்த ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் வெடித்து மூழ்கியதில் 18 பேர் உயிரிழந்தனர். அது சிந்துத்வஜின் சகோதரக் கப்பல். அந்தத் துயரம் நடந்து இரண்டு ஆண்டுகள் முடியும் முன்பே, அதே வகைக் கப்பலில் இன்னொரு குழு நம் கடலுக்குள் இறங்கியது. இந்த முறை, காணாமல்போன மூன்று பேருக்காக.

ஓய்வு

1987-ல் கடற்படையில் சேர்ந்த சிந்துத்வஜ், 35 ஆண்டுகள் உழைத்து 2022 ஜூலை 16 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்றது. அதற்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. ஆனால், அதே ஊரின் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கி, 2002-ம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. விசாகப்பட்டினம் போனால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். குனிந்து, நெளிந்து அந்தச் சின்னக் கதவுகளைத் தாண்டும்போதே உள்ளே வாழ்பவர்களின் வாழ்க்கை புரிந்துவிடும்.

அடுத்த முறை பிச்சாவரம் போகும்போது, படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுக்கும் அந்த ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள். அதுவரை கேட்காத எத்தனையோ சத்தங்கள் கேட்கும். அப்படிக் காது கொடுக்கத் தெரிந்த சிலரால்தான், 2015-ல் மூன்று குடும்பங்களின் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.