எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையின் தசை, இதய விளைவுகள்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது மிகையான உடற் பருமன் உடையோரின் இரைப்பையைச் சிறிதாக்கியோ, உணவு செல்லும் குடற்பாதையை மாற்றியமைத்தோ உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ முறை ஆகும். இதன் விளைவு கொழுப்புக் குறைவதோடு நின்றுவிடுவதில்லை. எலும்புத்தசை எரிபொருளைப் பயன்படுத்தும் விதமும், இதயத்தின் அமைப்பும் இயக்கமும் இதனால் மாறுகின்றன. இம்மாற்றங்களுட் பெரும்பாலானவை நன்மை தருபவை. எனினும் கொழுப்புடன் சேர்ந்து தசையும் ஓரளவு இழக்கப்படுகிறது.

அறுவை முறைகள்

ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன், சிக்காசி இட்டோ ஆகியோர் 1960களின் நடுப்பகுதியில் இரைப்பை மாற்றுவழி அறுவையை எடைக் குறைப்புக்கெனச் செய்தனர். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பது இம்முறை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழல் வடிவில் விடும் முறையும் இன்று பரவலாகக் கையாளப்படுகிறது.

எலும்புத்தசையின் வளர்சிதைமாற்றம்

இன்சுலினின் தூண்டுதலால் உடல் திசுக்கள் உள்வாங்கும் குளுக்கோசின் பெரும்பகுதி எலும்புத்தசைக்கே செல்கிறது. உடற் பருமன் மிகும்போது, கொழுப்புத் திசுவில் அடங்காத கொழுப்பு தசை நார்களுக்குள்ளும் தேங்குகிறது. இக்கொழுப்பின் இடைவிளைபொருட்களான டைகிளிசரைடு, செராமைடு போன்றவை தசைக் கலத்துக்குள் இன்சுலினின் கட்டளை கடத்தப்படுவதைத் தடுக்கின்றன எனக் கருதப்படுகிறது. இது இன்சுலின் எதிர்ப்பு எனப்படும். தேங்கும் கொழுப்பின் அளவு மட்டும் இதற்குக் காரணமன்று. நெடுந்தொலைவு ஓடும் விளையாட்டு வீரர்களின் தசையிலும் கொழுப்பு மிகுதியாக உண்டு. ஆனால் அவர்களது தசையின் இழைமணிகள் அதனை உடனுக்குடன் எரித்துவிடுவதால் இன்சுலினுக்கு அவர்களது தசை நன்கு இணங்குகிறது.

வால்டர் போரீசும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுவழி அறுவை செய்துகொண்ட நீரிழிவு நோயாளர் 146 பேருள் 121 பேருக்குக் குருதிச் சர்க்கரை இயல்பு நிலையில் நிலைத்தது. எடை பெரிதாகக் குறையும் முன்னரே, சில நாட்களில் சர்க்கரை இறங்கியது மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. இதனைத் தசையின் மாற்றம் என்று கொள்ளுதல் பிழை. உணவு திடீரெனக் குறைவதால் முதலில் கல்லீரல் கொழுப்பை இழந்து, குளுக்கோசை மிகையாக வெளிவிடுவதை நிறுத்துகிறது. மாற்றுவழி அறுவைக்குப் பின் உணவு சிறுகுடலை விரைந்து அடைவதால் குளுக்ககான்-நிகர் பெப்டைடு-1 என்னும் குடல் இயக்குநீர் மிகுதியாகச் சுரந்து, கணையத்தைத் தூண்டுகிறது. தசையின் இன்சுலின் உணர்திறனோ எடை குறையக் குறையப் பல மாதங்களில்தான் மேம்படுகிறது.

தசை இழப்பு

இழக்கப்படும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொழுப்பற்ற நிறை ஆகும். முதல் சில மாதங்களில் இவ்விழப்பு விரைவாக நிகழ்கிறது. கொழுப்பற்ற நிறை முழுவதும் தசையன்று. நீர், கிளைக்கோசன், உள்ளுறுப்புகளின் திசு ஆகியனவும் அதில் அடங்கும். ஆகவே அளவீட்டுக் கருவி காட்டும் எண்ணைத் தசை இழப்பு என அப்படியே கொள்ள இயலாது. தசையின் மொத்த வலிமை குறைந்தாலும், உடல் எடைக்கு ஒப்பிட்ட வலிமை கூடுகிறது. மாடிப்படி ஏறுதல், நடத்தல் ஆகியவை எளிதாவது இதனாலேயே. முதியோருக்கு இந்த ஆறுதல் போதாது. அவர்களுக்கு மீந்திருக்கும் தசையே குறைவு என்பதால் இழப்பு இடர் மிக்கது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உண்ணுமாறும், எடை தூக்குதல் போன்ற தசைப் பயிற்சிகள் செய்யுமாறும் அறிவுறுத்தப்படுகிறது. சிறு பையளவே கொள்ளும் இரைப்பையைக் கொண்டு இவ்வளவு புரதம் உண்பது நடைமுறையில் எளிதன்று.

இதயம்

பருத்த உடலுக்குக் குருதியின் கொள்ளளவு மிகுதி. அதனைச் சுற்றியனுப்ப இடது கீழறை விரிந்து, அதன் சுவரும் தடிக்கிறது. தடித்த சுவர் எளிதில் தளராததால் இரு துடிப்புகளுக்கு இடையே அறை நிரம்புவது தடைப்படுகிறது. அறுவைக்குப் பின் குருதியழுத்தமும் குருதிக் கொள்ளளவும் குறைவதால் கீழறையின் நிறை குறைந்து, தளர்ச்சி மேம்படுகிறது. இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் சுருங்குகிறது.

இதயம் இயல்பாகவே பெரிதும் கொழுப்பமிலங்களை எரித்து இயங்கும் உறுப்பு. உடற் பருமனில் இச்சார்பு மேலும் கூடுகிறது. ஒரே அளவு ஆற்றலைப் பெறக் குளுக்கோசைவிடக் கொழுப்பமிலத்துக்கு ஆக்சிசன் கூடுதலாகத் தேவைப்படுவதால் இதயத்தின் செயல்திறன் குறைகிறது. எடை குறைந்தபின் இந்நிலை இயல்பை நோக்கித் திரும்புகிறது.

1987இல் தொடங்கிய சுவீடிய ஆய்வொன்று, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் வழமையான பராமரிப்புப் பெற்ற 2,037 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தோர் முதற்குழுவில் 28 பேர். மற்றதில் 49 பேர் என 2012இல் அறிவிக்கப்பட்டது. குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதது இவ்வாய்வின் குறை. யாருக்குப் பயன் மிகுதி என்பதைத் தொடக்க உடல் நிறைச் சுட்டெண் காட்டவில்லை. தொடக்கத்தில் குருதியில் இன்சுலின் மிகுந்திருந்தோரே கூடுதல் பயன் பெற்றனர். எடையை மட்டும் பார்த்து நோயாளரைத் தெரிவு செய்யும் பழைய வழக்கத்தின் குறைபாட்டை இது காட்டுகிறது.

தயமின் குறைபாடு

அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்போருக்கு தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 விரைவில் தீர்ந்துவிடும். உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கே போதுமானது. குளுக்கோசிலிருந்து ஆற்றல் பெறத் தயமின் இன்றியமையாதது என்பதால் அது குறையும்போது இதயம் செயலிழந்து, கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றலாம். இது ஈர பெரிபெரி எனப்படும். மூளையும் பாதிக்கப்படக்கூடும். வாந்தியால் தளர்ந்து வருபவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோசுக் கரைசலை மட்டும் நரம்பு வழியே ஏற்றினால் எஞ்சிய தயமினும் செலவாகி நிலை மோசமடையும். எனவே தயமினை முன்னதாகவோ உடன்சேர்த்தோ செலுத்துவர்.