தாழ்ச்சி யாருக்கான புண்ணியம்?

ஆவூர் வட்டாரத்துப் பண்டாரச் சாமிகள் விட்டுச் சென்ற பாடம்

திங்களும் சனியும் செபமாலை சொல்ல அமர்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் முதலில் கேட்கிற வரம் தாழ்ச்சி. கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்ததைத் தியானிக்கும் முதல் மறைபொருளோடு இந்த வேண்டுதலைச் சேர்த்துச் சொல்வது நெடுநாள் வழக்கம். பழைய ஞானோபதேசத்திலும் தலையான பாவங்கள் ஏழில் கர்வம் முதலாவது. அதற்கு எதிரான தாழ்ச்சி, புண்ணியங்களில் முதலாவது.

வாயால் கேட்பது எளிது. அந்த வரம் கிடைத்துவிட்டால் நம் வீட்டிலும் தெருவிலும் கோயிலிலும் என்ன மாற வேண்டும்? இலுப்பூர்க்காரர்களான நாம் இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வடக்கே ஆவூர் இருக்கிறது.

காவி உடுத்த குருக்கள்

மதுரை மிஷனின் பழைய தளங்களில் ஒன்று ஆவூர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு பூஷே இங்கே கோயில் எழுப்பினார். வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியிருக்கிறார். இன்றுள்ள பெரியநாயகி மாதா கோயில் 1747ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்காவுக்கும் தேருக்கும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே திரளும்.

இந்த மிஷனின் கதையே ஒரு படி இறங்கிய கதைதான். 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசியைப் போல உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றுப் போதித்தார். அந்தக் கோலம் மேல்சாதியாரின் வாசலைத் திறந்தது. ஒடுக்கப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழகும் வழியை அடைத்தது. அதனால் 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரக் கோலம் பூண்டார். ஊரார் பார்வையில் பிராமண சந்நியாசிக்குக் கீழ்ப்பட்ட நிலை அது. ஆனால் பண்டாரச் சாமியால் எல்லாச் சாதியாரிடமும் போக முடிந்தது. மரியாதையில் ஒரு படி இறங்கியதால்தான் மிஷன் எளிய மக்களின் குடிசை வரை நடந்து சென்றது.

அரண்மனையை மறுத்தவர்

அந்தப் பண்டாரச் சாமிகளில் ஒருவர்தான் நாம் அருளானந்தர் என்று அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பிரேசிலில் ஆளுநராக இருந்தவர். இவரோ அரண்மனையில் இளவரசர் பெத்ருவோடு வளர்ந்தவர். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். காவி உடை, எளிய மரக்கறிச் சோறு, தரையில் படுக்கை என்று தமிழ்நாட்டில் அலைந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு உள்ளானார்.

விடுதலையான பிறகு மிஷன் அலுவலாக அவரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். அப்போது பெத்ரு அரசர். பழைய நண்பரைத் தன்னோடு இருத்திக்கொள்ளவும், தன் மகனுக்கு ஆசிரியராக்கவும் விரும்பினார். அரசர் வேண்டியும், உற்றார் வற்புறுத்தியும் பிரிட்டோ இசையவில்லை. லிஸ்பனில் இருந்தபோதும் தரையில்தான் படுத்தார். தமிழ்நாட்டு உணவுமுறையையும் விடவில்லை. 1690இல் திரும்பிவந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் தாழ்ச்சியை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார். சாவான பாவத்துக்கு இணங்காத கீழ்ப்படிதல் முதல் நிலை. செல்வமோ வறுமையோ, மதிப்போ அவமதிப்போ, எதிலும் பற்றில்லாமல் இறைவன் விருப்பத்தையே நாடுவது இரண்டாவது. கிறிஸ்து ஏழையாகவும் நிந்திக்கப்பட்டவராகவும் இருந்ததால், அவரோடு இருக்கும் ஆசையில் வறுமையையும் நிந்தையையும் தேர்ந்துகொள்வது மூன்றாவது. அருளானந்தர் இந்த மூன்றாம் நிலையை வாழ்ந்து காட்டினார். கையில் கிடைத்த அரண்மனையைத் தாமே கீழே வைத்தார் என்பதுதான் அவருடைய தாழ்ச்சியின் எடை.

உண்மையில் நிற்பது

பணிவு என்றால் தன்னை மட்டம் தட்டிப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் பாடுகிறவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும், பாராட்டை எதிர்பார்த்தே பின்வரிசையில் அமர்வதும் கர்வத்தின் வேறு வேடங்கள். அவிலா தெரசாள் தாழ்ச்சியை உண்மையில் நடப்பதாகவே விளக்கினார். என்னிடம் உள்ள திறமை உண்மை. அது எனக்கு அருளப்பட்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஏற்பவருக்குப் பெருமை பேசத் தோன்றாது. பொய்யாகக் குறுகி நிற்கவும் தோன்றாது.

மரியாளைப் பாருங்கள். தன்னை ஆண்டவரின் அடிமை என்றவர் அவர். எலிசபெத்தின் வீட்டில் அவர் பாடிய பாட்டு, வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் எளியோர் உயர்த்தப்படுவதையும் அறிவிக்கிறது. தாழ்ச்சி உள்ளவர் அநீதியின் முன் வாய்மூடி நிற்பார் என்று நற்செய்தியில் எங்கும் இல்லை.

குனிந்தவரைக் குனியச் சொல்லாதீர்

இதை இந்த வட்டாரத்தில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலுப்பூரை அடுத்த அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்தது வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் அருகிலுள்ள இறையூரில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும், தலித்துகள் கோயிலுக்குள் விடப்படாததையும் கண்டார்கள். இப்படித் தலைமுறைகளாகக் கீழே அழுத்தப்பட்டவர்களிடம் போய்ப் பணிவைப் போதிப்பது கொடுமை. தாழ்ச்சியின் பாடம் முதலில் உயரத்தில் நிற்பவருக்கானது. அருளானந்தர் அரண்மனையிலிருந்து இறங்கினார். குடிசையில் இருந்தவரை இன்னும் இறங்கச் சொல்லவில்லை.

கத்தோலிக்கர்கள் இதை வெளியார் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமர இரு கிளைகளாக ஆலயம் கட்டி, நடுவே தடுப்பும் வைத்தோம். அந்தத் தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நிற்கும் இடங்கள் தமிழகத்தில் இன்னும் உண்டு. ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒரே மண்ணில் புதைய மறுப்பது கர்வம் அல்லாமல் வேறென்ன?

பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுகிறார். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமிலுள்ள இளையோர் சிறைக்குப் போய் இந்தச் சடங்கைச் செய்தார். அவர் பாதம் கழுவியவர்களில் ஓர் இஸ்லாமியப் பெண்ணும் இருந்தார். 2016இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி சடங்கின் விதியையே மாற்றினார். சடங்கு பீடத்தில் முடியலாம். அதன் பொருள் பங்குப் பேரவையிலும் திருவிழாவிலும் தெருவிலும்தான் தெரியவரும்.

எந்தத் தெரு வழியாகச் சப்பரம் போகாது என்று முடிவு செய்கிறோம்? முதல் மரியாதை யாருக்கு? கோயில் கணக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? வயலில் வேலை செய்பவருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம்? தவக்காலத்து ஆத்தும சோதனையில் ஒருசந்தியையும் இறைச்சியையும் பற்றிக் கேட்டுக்கொள்ளும் நாம் இவற்றையும் கேட்போம். நமக்கு மட்டும் என்று வைத்திருக்கும் ஏதோ ஓர் உரிமையை இந்த ஆண்டே விட்டுக்கொடுப்போம். அப்போதுதான் செபமாலையில் கேட்ட வரம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று பொருள்.