பலகைக்கு வந்த சீட்டுகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் கருத்துப் பதிவேடு டிராயருக்குள்ளேயே கிடக்கும். யாரும் எழுத மாட்டார்கள். புதிதாக வந்த நூலகர் அம்மா, கடைசியாக வந்த ஐந்து கருத்துகளைச் சீட்டில் எழுதி, பதிலோடு வாசல் பலகையில் குத்தி வைத்தார். ‘கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும்’ என்ற சீட்டைப் பார்த்ததும், "அட, இதையெல்லாம் கேட்கலாமா!" என்று எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக எழுதினோம். இரண்டே மாதத்தில் பெஞ்ச் வந்தது!

1948-ஆம் வருஷ நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இப்போது ரூபாய்க்கு 10 காசு. நம்ம காசில் நடக்கிற இடத்தில் கேட்கக் கூச்சம் எதற்கு? உங்கள் ஊரிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்களேன், தோழிகளே!

- ஓர் இல்லத்தரசி