பக்கத்து வீட்டு எலக்ட்ரான்

பழைய ரெக்சின் சீட் சில வருஷத்தில் விறைத்து வெடிப்பு விடும். சில வயர்களைத் தொட்டால் கையில் பிசுபிசுன்னு ஒட்டும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள்; வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பாருங்க. அதை வளைய வைக்க தாலேட் எஸ்டர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கலக்கிறார்கள். ரத்தப் பைகளின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரைகூட இதுதான். கலந்திருக்கிறதே தவிர வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. அதனால் மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வருகிறது. வீட்டுத் தூசியிலும் இருக்கிறது, ஆற்று வண்டலிலும் இருக்கிறது. ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுவதால், சில தாலேட்டுகள் பொம்மைகளில் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சட்டம் போட்டது.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கோ இது சாப்பாடு! எப்படிச் சாப்பிடுகின்றன என்பதை அவற்றின் நொதிகளின் வடிவத்தை வைத்துப் பார்க்கலாம்.

நடுவில் ஒரு பென்சீன் வளையம், அதன் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு நீண்ட வால்கள். தாலேட் எஸ்டர் என்றால் அவ்ளோதான். முதல் வேலை வாலை வெட்டுவது. எஸ்டரேஸ் நொதிகள் இதைச் செய்கின்றன. நம் குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸுக்கு உள்ள அதே செரின்-ஹிஸ்டிடின்-அஸ்பார்டேட் மூவர் கூட்டணிதான் இங்கேயும். ஆனால் பல எஸ்டரேஸ்கள் ஒரு வாலை வெட்டியதோடு நின்றுவிடும். வால் போன இடத்தில் எதிர்மின்னூட்டம் வந்துவிடுவதால், பாதி வெட்டிய மூலக்கூறு அதே குழியில் மறுபடி சரியாக உட்காராது. இது சாதாரண விஷயமில்லை. டிஇஎச்பி என்ற தாலேட் எஸ்டரில் ஒரு வால் போனால் கிடைப்பது எம்இஎச்பி. எலிகளின் விந்தகத்தைப் பாதிப்பதாகக் காட்டப்பட்டது முக்கியமாக இந்தப் பாதி வெட்டிய சரக்குதான். அரைகுறைச் சுத்தம் சில நேரம் அழுக்கைவிட மோசம். அடுத்த வாலை வெட்டப் பெரும்பாலும் வேறொரு நொதி வேண்டும்.

இரண்டு வாலும் போனால் மிச்சம் தாலிக் அமிலம். இனிமேல்தான் கஷ்டம். பென்சீன் வளையம் லேசில் உடையாது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் தானாக அதைத் தொடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது தாலேட் டைஆக்சிஜனேஸ். இதை 1987இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதற்கு எலக்ட்ரான் கொண்டுவந்து தரும் துணை நொதியின் வடிவம் 1992இல் கிடைத்தது. முக்கிய நொதியின் வடிவமோ 2021 வரை கிடைக்கவில்லை. அந்த வருஷம்தான் ஐஐடி ரூர்க்கி குழு, கனடா ஆய்வாளர்களோடு சேர்ந்து, காமமோனாஸ் டெஸ்டோஸ்டெரோனி கேஎஃப்1 என்ற பாக்டீரியாவின் நொதியைப் படிகமாக்கி 2.1 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.)

இந்தக் குடும்ப நொதிகளில் எனக்குப் பிடித்தது ஒரு விசித்திரம். ஒவ்வொரு புரதத்திலும் இரும்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த ரீஸ்கி கொத்து. வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானை வாங்கி வைக்கும். இன்னொன்று தனி இரும்பு; ஆக்சிஜனை வளையத்தில் ஏற்றும் வேலை அங்கேதான். ஒரே புரதத்துக்குள் இவை இரண்டுக்கும் ஏறக்குறைய 44 ஆங்ஸ்ட்ராம் தூரம். எலக்ட்ரானால் அவ்வளவு தூரம் தாவ முடியாது. அப்படின்னா எப்படி வேலை நடக்கிறது?

மூன்று புரதங்கள் ஒன்றின் தலை அடுத்ததன் வாலைத் தொடும்படி வட்டமாக உட்கார்கின்றன. இப்போது ஒன்றின் ரீஸ்கி கொத்துக்கும் *பக்கத்து* புரதத்தின் இரும்புக்கும் இடையே சுமார் 12 ஆங்ஸ்ட்ராம்தான். எலக்ட்ரான் அங்கே தாவுகிறது. பந்தியில் வட்டமாக உட்கார்ந்து, தன் இலைக்குக் கை எட்டாமல் ஆளுக்கொருத்தர் அடுத்த இலைக்குப் பரிமாறுவது மாதிரி. தனியாக நின்றால் இந்த நொதி பட்டினிதான்.

ரூர்க்கி குழு பார்த்த நொதியில் இப்படி இரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. இந்தக் குடும்பத்தின் படிக வடிவங்களில் அதுவரை பார்க்காத அமைப்பு அது. உள்ளே குழியின் ஒரு பக்கத்தில் 207, 244 ஆம் இடங்களில் இரண்டு ஆர்ஜினின்கள். நேர்மின்னூட்டம் கொண்ட இவை தாலிக் அமிலத்தைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கின்றன. இரண்டில் எதை எடுத்துவிட்டு அலனினை வைத்தாலும் வேலை கண்டறியும் அளவுக்குக்கூட நடக்கவில்லை. அமிலக் கைகள் எதிரெதிர் முனையில் இருக்கும் டெரெப்தாலிக் அமிலத்தைக் (பாட்டில் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்) கொடுத்தால், நொதியின் திறன் 25 மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. குழியை மாற்றிக் கட்டி வேறு மாசுகளையும் தின்ன வைக்கலாம் என்ற ஆசைக்கு இந்த இரண்டு ஆர்ஜினின்கள்தான் தொடக்கப்புள்ளி.

"நொதியைத் தூளாக்கிக் குளத்தில் தூவிட்டா போதுமே?" என்று கேட்கத் தோன்றும். முதல் கட்ட எஸ்டரேஸுக்கு அது ஓரளவு நடக்கலாம். டைஆக்சிஜனேஸுக்கு நடக்காது. அதற்கு எலக்ட்ரான் வேண்டும். அதைத் தரும் துணை நொதிக்கு என்ஏடிஎச் வேண்டும். அதை ஓயாமல் தயாரிக்க உயிருள்ள செல் வேண்டும். கூடவே ஆக்சிஜனும்.

ஆனால் தாலேட்டுகள் போய்த் தங்கும் ஆற்றடிச் சேற்றில் ஆக்சிஜனே இருக்காது. அங்குள்ள பாக்டீரியாக்கள் வளையத்தில் ஆக்சிஜன் ஏற்றுவதை விட்டுவிட்டு, தாலிக் அமிலத்தோடு கோஎன்சைம் ஏ-வை ஒட்டி, அதிலிருந்து ஒரு கார்பன் டைஆக்சைடைக் கழற்றி எடுக்கின்றன. அந்த நொதியின் கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.