பிரபஞ்சம் ஒரே சீரானதா?

ஊகம் வேறு, ருஜு வேறு என்னும் விதி நியாய ஸ்தலத்திற்கு மட்டும் உரியதன்று. வான சாஸ்திரத்திற்கும் உரியது. பிரபஞ்சத்தில் பொருள் எங்கும் ஒரே சீராய்ப் பரவியிருக்கிறதென்று ஐன்ஸ்டீன் 1917-ல் வைத்துக்கொண்டார். அதற்கு அன்று போதிய சாக்ஷியமில்லை, கணக்கிற்கு வசதியாயிருந்தது.

எதிர்க் கட்சியோ முன்னரே தோன்றிவிட்டது. எண்ணிறந்த நக்ஷத்திரங்கள் இருப்பின் இரவு ஏன் இருண்டிருக்கிறதென்று வினவிய ஸ்வீடன் தேசத்துச் சார்லியர், 1908-ல் ஒரு விடை கூறினார். நக்ஷத்திரங்கள் கூடி மண்டலம், மண்டலங்கள் கூடித் திரள், திரள்கள் கூடிப் பெருந்திரள். இப்படி அடுக்கின்மேல் அடுக்காய் முடிவின்றிச் செல்லுமாயின் வெற்றிடமே மிகுந்து வானம் இருளும் என்றார். ஒரே சாயல் அடுக்குதோறும் திரும்ப வரும் இத்தகைய உருவங்களுக்குக் கணித நிபுணர் மாண்டல்பிராட் 1975-ல் ‘பிராக்டல்’ என்று பெயரிட்டார்.

இதனைச் சோதிக்கும் வகை எளிது. ஒரு மண்டலத்தை நடுவில் வைத்து ஒரு கோளம் கற்பித்து, உள்ளிருக்கும் மண்டலங்களை எண்ணுக. பிறகு ஆரத்தை இரட்டிப்பாக்குக. பரவல் சீராயிருப்பின் எண்ணிக்கை 8 மடங்காகும். ஏறக்குறைய 4 மடங்கே ஆயின், கோளம் பெருகப் பெருக வெற்றிடமும் பெருகுகிறதென்பது திண்ணம்.

1986-ல் டி லாப்பரான், கெல்லர், ஹுக்ரா என்போர் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட படத்தில், மண்டலங்கள் பெருங்குமிழிகளின் மேற்பரப்பில் படிந்தாற்போல் காணப்பட்டன. குமிழிகளின் உள்ளே ஏறக்குறைய வெறுமை. மறு வருஷம் இத்தாலியப் பௌதிக சாஸ்திரி பியட்ரோனெரோ ஆட்சேபம் எழுப்பினார். சராசரி அடர்த்தி உண்டென்று முன்கூட்டியே கொண்டு கணக்கிடுவது, தீர்ப்பையே சாக்ஷியாக்குவதாகும் என்பது அதன் சாரம். பல்லாண்டு விவாதம் நடந்தது.

பிறகு பெரிய கணக்கெடுப்புகள் வந்தன. ஸ்லோன் கணக்கெடுப்பைக்கொண்டு 2005-லும், ஆஸ்திரேலியாவில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட மண்டலங்களை அளந்து 2012-லும், சராசரியை முன்கூட்டிக் கொள்ளாமல் கோளங்களில் எண்ணியே பார்த்தார்கள். சிறு தூரங்களில் பியட்ரோனெரோ கண்ட அடுக்கமைப்பு மெய்யாயிற்று. 30 கோடி ஒளியாண்டுகளை எட்டியதும் எண்ணிக்கை ஏறத்தாழ 8 மடங்காய்ப் பெருகத் தலைப்பட்டது, சீர்மை வென்றது.

முடிவற்ற அடுக்கு என்ற வழக்கு பெரும்பாலோர் நோக்கில் தோற்றது. ஆயினும் வழக்குத் தொடுத்தது வீணா? சௌகரியத்திற்காகக் கொண்ட ஊகம், இன்று எண்ணிக் கண்ட முடிவாய் நிற்கிறது. ருஜு எங்கே என்று கேட்டவர் இல்லாவிடில் அந்த எண்ணிக்கைக்கு அத்துணை அவசரம் நேர்ந்திராது. பெரியோர் கொண்டதென்பதற்காக ஒப்புக்கொள்ளாமல் காரணம் கேட்பவன் சில சமயம் தோற்பான். அவன் கேள்வியால் உண்மை ஒருபோதும் தோற்பதில்லை.