சேர்ந்தே செல்லும் கம்பிகள்

வீட்டில் மின்சார வேலை செய்பவர் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகள் மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்ச் செலவை மிச்சப்படுத்த என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது விதி. ஒரு மின்சுற்றுக்குரிய பேஸ், நியூட்ரல், எர்த் கம்பிகள் பொதுவாக ஒரே குழாயில் அல்லது ஒரே கேபிளில் செல்ல வேண்டும் என்கிறது, 1897 முதல் அமெரிக்காவில் வழங்கிவரும் தேசிய மின்விதித் தொகுப்பு. நம் நாட்டு ஐ.எஸ். 732 விதியிலும், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே குழாயில் இருக்க வேண்டும் என்றே உள்ளது.

காரணம் நம் பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்கிறோமே, 1820இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட் கண்ட சோதனை, அதுதான். மின்சாரம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. பேஸ் கம்பியில் போகும் மின்சாரம் அதே அளவில் நியூட்ரலில் எதிர்த் திசையில் திரும்புகிறது. இரண்டும் ஒட்டிச் சென்றால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் இரும்புக் குழாயில் தனியே விட்டால்? நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அத்தனை முறையும் குழாயின் காந்தத்தன்மை புரள்கிறது. இரும்பினுள் சுழல் மின்னோட்டங்களும் எழுகின்றன. குழாய் சூடாகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பகுதி சூடாவதும் இப்படித்தான். அடுப்பில் அது வேண்டியது, சுவருக்குள் வேண்டாதது! ஒரு விளக்குக்குப் போகும் மின்சாரத்தில் இச்சூடு அற்பமே. தொழிற்சாலையின் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் கம்பியின் மேலுறையே கெட்டுப்போகும்.

பிளாஸ்டிக் குழாய்க்கு இந்தச் சூடு இல்லை. ஆயினும் விதி தளரவில்லை. எர்த் கம்பியை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தின் இரும்பு உடலில் மின்சாரம் ஏறிவிட்டால், எர்த் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் உடனே போக வேண்டும். எர்த் கம்பி பேஸை விட்டு விலகி வேறு வழியில் சுற்றிவந்தால், இரண்டுக்கும் இடையே காந்தப்புலம் பரந்து மின்னோட்டத்தைத் தடுக்கிறது. கனத்த கம்பிகளில் இத்தடை மிகுதி. பியூஸ் தாமதிக்கும் அந்த நேரத்தில் இயந்திரத்தைத் தொடுபவர் கதி என்ன?

வீடுகளில் இவ்விதி மீறப்படும் இடம் பெரும்பாலும் மாடிப்படி விளக்குதான். கீழ்த்தளச் சுற்றிலிருந்து பேஸ், மேல்தளச் சுற்றிலிருந்து நியூட்ரல் என்று, கம்பி மிச்சமாகட்டும் என இணைத்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் மேல்தள மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் அந்த நியூட்ரலைப் பிரிக்கிறார். படிவிளக்கு எரிந்துகொண்டிருந்தால் கீழ்த்தள மின்சாரம் விளக்கு வழியே அவர் கையிலுள்ள முனைக்கு வந்துவிடும். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகும் மின்சாரத்தையும் திரும்புவதையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவி தளத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே உள்ள வீட்டில், இப்படி இணைத்த விளக்கைப் போட்டதுமே மின்சாரம் நின்றுவிடக்கூடும். கருவி பழுது என்று அதைக் கழற்றிவிடுவோரும் உண்டு!

சேர்த்துச் செல்வதற்கும் ஓர் அளவு உண்டு. பல சுற்றுகளை ஒரே குழாயில் திணித்தால் சூடு வெளியேறாது. அமெரிக்க விதிப்படி, மின்சாரம் சுமக்கும் கம்பிகள் 4 முதல் 6 வரை ஒரு குழாயில் இருந்தால் ஒவ்வொன்றின் தாங்குதிறனில் 80 சதவிகிதமே கணக்கு; 10 முதல் 20 வரை இருந்தால் பாதிதான்.