மஞ்சளும் நீலமும் ஏன் பச்சையாகவில்லை?

மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியை கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஓர் ஓவியரைக் காட்டி, அவர் பாணியில் வரையச் சொல்கிறாராம். வான்கா முடிந்து, இப்போது பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா. பஞ்சுக்குச்சியை வண்ணத்தில் தொட்டு, புள்ளி புள்ளியாக வைத்து தர்மலிங்கேஸ்வரர் மலையை வரைந்திருக்கிறார்கள். மலைச்சரிவுக்கு மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்து. எட்டி நின்று பார்த்தால் பச்சை தெரியும் என்று காத்திருந்தார்கள். கிட்டத்தில் வெறும் புள்ளி; தூரத்தில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. எங்கே பிசகினோம் என்று கேட்கிறார்.

பிசகவே இல்லை, டீச்சர். பிள்ளைகள் ஒரு நல்ல சோதனையைச் செய்து, சரியான விடையைக் கண்டிருக்கிறார்கள்.

தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை வருவதற்குக் காரணம், இரண்டு சாயமும் ஒளியைத் தின்பதுதான். மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும், நீலச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டுக்கும் தப்பிய பச்சை மட்டும் நம் கண்ணுக்கு வரும். புள்ளிகளைத் தனித்தனியே வைக்கும்போது ஒன்றின் ஒளியை மற்றது தின்பதில்லை. இரண்டின் ஒளியும் கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது, சராசரியாகச் சாம்பல் தெரிகிறது. சூராவும் பச்சைக்கு மஞ்சள், நீலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1884 முதல் 1886 வரை அவர் வரைந்த ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ ஓவியத்தில் புல்வெளிக்குப் பச்சை வண்ணத்தையே தீட்டி, அதன்மேல் மஞ்சளும் ஆரஞ்சும் தெளித்தார். வெயில் பட்ட புல்லாக அது மின்ன வேண்டும் என்பதற்காக.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் புள்ளிகள் கலந்து தெரிய ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பஞ்சுக்குச்சிப் புள்ளி நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அதற்குப் பதினான்கு மீட்டர். வகுப்பறை போதாது. படத்தை வராந்தாவில் மாட்டிவிட்டு, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள்.

இந்தப் பாணியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், இது ஒரு சாயப்பட்டறைப் புகாரில் தொடங்கியது என்பதுதான். பாரிஸில் கோபலான் என்ற அரசுத் திரைச்சீலைத் தொழிற்கூடம். 1824-இல் மிஷேல் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கருப்புச் சாயம் வெளுப்பாக இருக்கிறது என்று புகார். மற்ற பட்டறைகளின் கருப்புக் கம்பளி நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்தையும் ஊதாவையும் ஒட்டி நெய்த இடத்தில்தான் கருப்பு சோர்ந்தது. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின்மேல் ஏற்றிக் காட்டும் என்று கண்டு, 1839-இல் பெரிய நூலாக எழுதினார். அரை நூற்றாண்டுக்குள் ஓவியர்கள் அதைப் பாடநூலாகப் படித்தார்கள், சூராவும் அவர்களில் ஒருவர். ஷெவ்ரூல் 102 வயதுவரை வாழ்ந்தார்.

நெசவு ஊர்க்காரர்களான நமக்கு இது புதிதல்ல. என் அம்மாவிடம் மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்று இருந்தது. பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பு அசைய அசைய ஒன்று மேலேறும், மற்றது பின்வாங்கும். எங்கள் தறிக்காரர்கள் எந்த நூலையும் படிக்காமல் கைக்கொண்ட கலவை அது. அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் அப்படி ஒரு சேலை இருக்கும். கொண்டுவரச் சொல்லி, லென்ஸ் வைத்துக் காட்டுங்கள்.

இப்படி நடக்கும் வகுப்புகள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம். வான்காவின் ‘நட்சத்திர இரவு’ என்று கோட்டுப்படத்தை அச்சடித்துக் கொடுத்து, கோடு தாண்டாமல் வண்ணம் அடித்த பிள்ளைக்குப் பரிசு தருகிறார்கள். வான்கா தூரிகையை எப்படிச் சுழற்றினார், ஏன் வண்ணத்தை அவ்வளவு கெட்டியாக அப்பினார் என்று கை அறிவதே இல்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவிய வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2012-இல் ஓவியம் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்டோரை நியமித்தார்கள். அதுவும் வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு, பகுதிநேரமாக. ஒரு பாணியைப் பிள்ளை தன் கையால் சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு கலைத்திறன் இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

டீச்சர், அடுத்த மாதத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் பக்கம் குமிட்டிபதியில், பதிமலைக் குகையில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. யானை உட்பட எல்லாமே வெள்ளை ஒன்றால் தீட்டியவை. ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு, பாறையின் கருமையையே இரண்டாம் நிறமாக்கிய ஓவியர்கள் அவர்கள். அந்தப் பாறையில் தங்கள் பெயரைக் கிறுக்கிவைத்தவர்களும் உண்டு. பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள்; தொடாமல் பார்த்து, திரும்பி வந்து கருப்புத் தாளில் சுண்ணாம்பால் வரையட்டும்.